யூரின் கல்ச்சர்: டப்பாவில் பிடிப்பது முதல் ரிப்போர்ட் படிப்பது வரை

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உந்துதல், அடிவயிற்று வலி என்று போனால் டாக்டர் பெரும்பாலும் இரண்டு பரிசோதனை எழுதுவார். யூரின் ரொட்டீன் ஒன்று, யூரின் கல்ச்சர் இன்னொன்று. ரொட்டீன் அன்றைக்கே வந்துவிடும். சீழ்ச்செல் எத்தனை, சில கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட் என்ற ரசாயனம் இருக்கிறதா என்று சொல்லும். நைட்ரைட் நெகட்டிவ் என்றதும் தொற்று இல்லை என்று நிம்மதியாகிவிட வேண்டாம். ஈ.கோலை என்ற கிருமி நைட்ரைட் உண்டாக்கும், என்டரோகாக்கஸ் என்ற கிருமி உண்டாக்காது. அதோடு, அந்த ரசாயன மாற்றம் நடக்கச் சிறுநீர் நாலு மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்கியிருக்க வேண்டும். கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் ஆவதற்குக் காரணம் எளிது: கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை.

லேபில் உட்கார்ந்து பார்க்கிற எங்களுக்கு, ஒரு ரிப்போர்ட் உருப்படுமா என்பது டப்பா உள்ளே வருவதற்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அதனால் பிடிக்கும் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில், ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே சாம்பிள் கொடுங்கள். ஒரே ஒரு வேளை மாத்திரை கூட வளர்ச்சியை அடக்கிவிடலாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் மருந்தின் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெண்கள் வெளி உதடுகளை விரல்களால் விலக்கிப் பிடித்து, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் துடைத்து, சிறுநீர் பிடித்து முடிக்கும்வரை விலக்கிய கையை எடுக்கக் கூடாது. ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டும். டெட்டால் போன்ற கிருமிநாசினி வேண்டவே வேண்டாம். அது சாம்பிளில் கலந்தால் நாங்கள் தேடுகிற கிருமியையே கொன்றுவிடும். முதலில் வருவதை விட்டுவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல், நடுவில் வருவதில் 20 மி.லி. போலப் பிடித்தால் போதும். முதலில் வருவது சிறுநீர்க் குழாயின் வாயில் இருக்கிற சாதாரண கிருமிகளை அடித்துக்கொண்டு வரும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. மூடியின் உட்புறத்தையோ டப்பாவின் விளிம்பையோ தொடாதீர்கள். வீட்டில் கொதிக்கவைத்த பாட்டில், மருந்து பாட்டில் எதுவும் ஆகாது; லேபில் கொடுக்கும் கிருமி நீக்கிய டப்பா மட்டுமே.

சிறுநீர் வெளியேற கத்தீட்டர் என்ற செயற்கைக் குழாய் போட்டிருப்பவர்களுக்கு, தொங்கும் பையிலிருந்து எடுத்த சாம்பிளுக்கு அர்த்தமே இல்லை. அந்தப் பையில் கிருமி மணிக்கணக்கில் பெருகியிருக்கும். குழாயில் இருக்கும் சாம்பிள் துளையைச் சுத்தம் செய்து சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். குழந்தைகளுக்கு ஒட்டுப் பையில் பிடித்தால், வளரவில்லை என்ற முடிவை நம்பலாம். வளர்ந்தது என்ற முடிவை நம்ப முடியாது.

அடுத்தது நேரம். நல்ல சூழ்நிலையில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். மி.லி.க்கு 1,000 கிருமி இந்த வேகத்தில் பெருகினால் இரண்டு மணி நேரத்தில் 64,000. நாலு மணி நேரத்தில் 40 லட்சத்தைத் தாண்டும். சிறுநீரில் வேகம் கொஞ்சம் குறையும், ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. 24 மணி நேரம் தாங்கும். போரிக் அமிலம் போட்ட டப்பா கொடுத்தால் கோடு வரை நிரப்புங்கள். குறைவாகப் பிடித்தால் அமிலத்தின் அடர்த்தி கூடி, கிருமியைக் கொன்று, பொய்யாக ‘வளர்ச்சி இல்லை’ என்று காட்டும்.

லேபில் நடப்பது இது. 0.001 மி.லி. மட்டும் எடுக்கும் அளவுக் கம்பி வளையத்தைச் சிறுநீரில் செங்குத்தாக முக்குவோம். சாய்த்து முக்கினால் கூடுதலாக ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை தப்பாகிவிடும். அதைப் பிளட் அகார், மெக்கான்கி அகார் என்ற, கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டுகளில் தேய்த்து, 35 முதல் 37 டிகிரி செல்சியஸில் 18 முதல் 24 மணி நேரம் வைப்போம். மறுநாள் ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி, அதாவது ஒரு கிருமியிலிருந்து பெருகிய கூட்டம். எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் மி.லி.க்கு எத்தனை என்று கிடைக்கும். 100 காலனி என்றால் ஒரு லட்சம். மெக்கான்கியில் தட்டையாக, உலர்ந்த இளஞ்சிவப்பு என்றால் ஈ.கோலை மீதுதான் முதல் சந்தேகம். அதே நிறத்தில் சளி போல வழவழவென்று இருந்தால் கிளெப்சியெல்லா. புரோட்டியஸ் பிளட் அகாரில் காலனியாக நிற்காது. அலை அலையாகப் பரவி தட்டு முழுவதையும் மூடி, பக்கத்தில் இருக்கிற மற்றதையும் மறைத்துவிடும். அதற்காகவே உப்புச் சத்து குறைந்த கிளெட் அகாரைப் பல லேபுகள் வைத்திருக்கின்றன. அதில் அது அடங்கி இருக்கும். பார்வையோடு முடிவு கட்டுவதில்லை, ரசாயனச் சோதனைகள் செய்துதான் பெயர் எழுதுவோம்.

மி.லி.க்கு ஒரு லட்சம் வளர்ந்தால் தொற்று என்ற எல்லை 1950-களில் எட்வர்ட் காஸ் செய்த ஆய்விலிருந்து வந்தது. அதை இரும்புக் கோடாக நினைத்துவிடக் கூடாது. எரிச்சலோடு வந்த பெண்ணுக்கு ஈ.கோலை மட்டும் 1,000 வளர்ந்திருந்தாலும் அது தொற்றாக இருக்கலாம். மூன்று நாலு வகை கலந்து வளர்ந்தால் பெரும்பாலும் பிடித்த விதத்தில் கோளாறு. திரும்பக் கொடுக்கச் சொல்வது உங்களை அலைக்கழிக்க அல்ல.

மூன்றாம் நாள் வருவது மருந்துப் பட்டியல். கிருமியை உப்புநீரில் 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கல் அளவுக்குக் கரைத்து, 4 மி.மீ. கனமுள்ள முல்லர்-ஹிண்டன் அகாரில் பூசி, 15 நிமிடத்துக்குள் மருந்து வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும். அதன் விட்டத்தை மி.மீ.யில் அளப்போம். கரைசல் அடர்த்தியானாலோ அகார் கனமானாலோ வட்டம் சுருங்கி, நல்ல மருந்தும் எதிர்ப்பு உள்ளதாகத் தெரியும். ரிப்போர்ட்டில் எஸ் என்றால் வழக்கமான அளவில் வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது. ஐ என்றால் ‘சுமார்’ என்று பலர் நினைக்கிறார்கள். 2019 முதல் ஐரோப்பிய நெறிமுறைப்படி, மருந்தின் அளவைக் கூட்டினாலோ அது செறிந்து சேரும் இடத்தில் தொற்று இருந்தாலோ வேலை செய்யும் என்று பொருள்.

சில ரிப்போர்ட்டில் எம்ஐசி என்று எண் இருக்கும், அதாவது கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு. குறைந்த எண் உள்ள மருந்தே சிறந்தது என்று தேர்ந்தெடுப்பதுதான் நாங்கள் பார்க்கிற பெரிய தவறு. ஈ.கோலைக்கு சிப்ரோஃப்ளாக்சாசின் 1, நைட்ரோஃபுரான்டோயின் 16 என்று வந்தால், 1 என்பது ஆர். 16 என்பது எஸ். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. எஸ் போட்டிருந்தாலும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நைட்ரோஃபுரான்டோயின் சிறுநீரில் நன்றாகச் சேரும், சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு ஏறாது. குளிர் ஜுரமும் விலா வலியும் உள்ளவருக்கு அது சரிப்படாது. அதனால் பட்டியலைப் பார்த்துக் கடையில் நேராக வாங்காதீர்கள்.

வளர்ச்சி இல்லை, ஆனால் சீழ்ச்செல்லும் எரிச்சலும் இருக்கிறது என்றால், முன்பே மருந்து போட்டிருக்கலாம், அல்லது கிளமிடியா, காசநோய் மாதிரி இந்த அகாரில் வளராத கிருமியாக இருக்கலாம். டாக்டரிடம் அதற்குத் தனிச் சோதனை கேளுங்கள். தலைகீழாக, ஒரு தொந்தரவும் இல்லாமல் ஒரு லட்சம் வளர்ந்தால் பெரும்பாலோருக்கு மருந்தே வேண்டாம். வயதானவர்களிடமும் குழாய் போட்டவர்களிடமும் இது சர்வ சாதாரணம். ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்தால் மிஞ்சுவது எதிர்ப்புள்ள கிருமிதான். கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு மருந்து அவசியம்.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. காய்ச்சலோடு நடுக்கம், விலாவில் வலி, வாந்தி, மனக்குழப்பம், சிறுநீர் மிகவும் குறைவது, இதில் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து தொடங்கி 48 மணி நேரம் ஆகியும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் கல்ச்சர் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அதற்குள் லேபில் கிருமியின் பெயராவது தெரிந்திருக்கும். தொந்தரவு போய்விட்டால் திரும்பவும் கல்ச்சர் பொதுவாகத் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு மட்டும் மருந்து முடிந்து ஓரிரு வாரத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.