பச்சைக் கயிறும் பழைய முடிச்சும்

ராமநாதபுரம் கரையோரத்துக் கடைகளில் கயிறு கேட்டால் பெரும்பாலும் முதலில் எடுத்துப் போடுவது பச்சையோ நீலமோ, வழுவழுவென்ற பிளாஸ்டிக் கயிறுதான். பாலிப்ரொப்பிலீன். எடை போட்டுத் தருவார்கள். விலை குறைவு, தண்ணீரில் மிதக்கும், உப்பில் ஊறினாலும் மக்காது. ஆனால் சாரணர் வகுப்பில் சொல்லிக்கொடுத்த முடிச்சுகள் பருத்திக் கயிறும் தேங்காய் நார்க் கயிறும் புழங்கிய காலத்தவை. நார்க்கயிறு சொரசொரப்பானது, நனைந்தால் ஊதித் தன்னைத்தானே கவ்விக்கொள்ளும். பச்சைக் கயிற்றுக்கு அந்தக் குணம் கிடையாது. காலையில் இறுக்கிக் கட்டியது, மத்தியானக் காற்று நாலு உலுக்கு உலுக்கியதும் நெகிழ்ந்து தொங்கும். ஆகவே ஒவ்வொரு முடிச்சுக்கும் இந்தக் கயிற்றில் என்ன கூடுதலாகச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் நிழலுக்குத் தார்ப்பாய் கட்டவும், வத்தை என்னும் சிறு படகைக் கரையோரம் நிறுத்தவும், வண்டியில் சாமான் ஏற்றிக் கட்டவும் ஆறேழு முடிச்சு போதும். ஐம்பது முடிச்சைப் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு, இருட்டில் ஒன்றுகூட வராமல் நிற்பதில் பிரயோசனமில்லை.

முதலில் போலைன். சுமை ஏறினாலும் சுருங்காத கண்ணி. எவ்வளவு இறுகினாலும் பிறகு அவிழும். 8 மில்லிமீட்டர் கயிற்றில் முனையிலிருந்து ஒரு முழம் விட்டு ஒரு சின்ன வளையம் போடுங்கள். வளையத்தில் முனைப் பக்கக் கயிறு மேலே கிடக்க வேண்டும், சுமைப் பக்கக் கயிறு அடியில். முனையை வளையத்துக்குள் கீழிருந்து மேலே கொண்டுவந்து, சுமைக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வளையத்துக்குள்ளேயே திரும்ப இறக்குங்கள். முனையையும் கண்ணியையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, சுமைக் கயிற்றை இன்னொரு கையால் இழுத்தால் முடிச்சு உட்காரும். பத்தில் எட்டுப் பேர் தவறுவது முதல் வளையத்தில்தான். அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் இழுத்தவுடன் உருவிக்கொண்டு வரும். அதனால் கட்டியதும் ஒரு தரம் உடம்பு எடையைப் போட்டு இழுத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

போலைனுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. சுமை நிலையாக இருக்கும்வரை நிற்கும். அலையில் படகு ஏறி இறங்கும்போது இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வந்தால் மெல்ல மெல்ல நெகிழும். பச்சைக் கயிற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இதற்கு இரண்டு வேலை செய்யலாம். ஒன்று, சின்ன வளையத்தை ஒன்றுக்குப் பதில் இரண்டாகச் சுற்றி, இரண்டுக்குள்ளும் முனையை விடுவது. இரண்டு, மிச்ச முனையை 20 சென்டிமீட்டராவது நீளமாக விட்டு, அதைக் கண்ணியின் பக்கத்துக் காலில் ஒரு முடிச்சாகப் போட்டு இறுக்குவது. ஒரு ஜாண்கூட முனை விடாமல் ஒட்டக் கட்டுவது சிக்கனமில்லை, படகைக் கடலுக்குத் தானம் கொடுப்பது.

மரத்திலோ, நட்டு வைத்த தறிக்கட்டையிலோ கட்ட க்ளோவ் ஹிட்சை எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். போடுவதற்குச் சுலபம்தான். ஆனால் வழுக்கும் கயிற்றில், வழுக்கும் இரும்புக் குழாயில், காற்று திசை மாறி இழுக்கும் இடத்தில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் இரண்டு சுற்று, இரண்டு அரைமுடிச்சு. கயிற்றைத் தறியில் முழுதாக இரண்டு தரம் சுற்றி, முனையைச் சுமைக் கயிற்றின் மேல் அரைமுடிச்சாக (சுமைக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே முனையை விட்டு இழுப்பது) ஒன்று, அதே திசையில் இன்னொன்று. பச்சைக் கயிறென்றால் மூன்றாவதும் போடுங்கள். பாரத்தைத் தாங்குவது முடிச்சல்ல, அந்த இரண்டு சுற்றின் உராய்வுதான். அதனால்தான் வல்லப் படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அரைமுடிச்சுகளை அவிழ்த்து, சுற்றுகளைக் கையில் பிடித்தபடி மெதுவாக விட்டுக்கொடுக்க முடிகிறது. போலைனில் அது நடக்காது, சுமை தளர்ந்தால்தான் அவிழும். பனைமரத்தில் கட்டுவதாக இருந்தால் மட்டை வெட்டிய தழும்புகள் கயிற்றை அறுக்கும். சுற்றுவதற்கு முன் ஒரு சாக்குத் துண்டை வையுங்கள்.

இரண்டு கயிற்றை ஒட்டுவதற்கு, பொட்டலம் கட்டும் அந்தச் சாதாரண முடிச்சை, அதாவது ரீஃப் நாட்டை, யாரும் பயன்படுத்தக் கூடாது. ஒரு முனையைச் சுண்டி இழுத்தாலே அது உருண்டு திரும்பி வழுக்கிப் பிரிந்துவிடும். பொட்டலத்துக்கும் சுருட்டிய பாய்க்கும் மட்டும் அது. கயிற்றை ஒட்ட ஷீட் பெண்ட். தடித்த கயிற்றை U வடிவில் மடித்துப் பிடித்து, மெல்லிய கயிற்றின் முனையை மடிப்புக்குள் அடியிலிருந்து ஏற்றி, மடிப்பின் இரண்டு காலையும் பின்பக்கமாகச் சுற்றி, தன் கயிற்றின் அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். மடிப்புக்குள் மறுபடி இறக்கிவிடக் கூடாது. முடிந்ததும் இரண்டு சிறு முனையும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் கயிறென்றால் பின்பக்கச் சுற்று இரண்டு.

தார்ப்பாய்க்கும் ஒரு வழி உண்டு. ஓட்டை கிழிந்த தார்ப்பாயின் மூலையில் ஒரு வழவழப்பான கூழாங்கல்லை வைத்துத் துணியால் மூடி, அந்தக் குமிழின் கழுத்தில் கயிற்றைக் கட்டினால், வளையம் பிய்ந்து போன பாயும் ஒரு பருவம் ஓடும்.

இனி நிழல் கட்டுவது. நாலு மீட்டர் இடைவெளியில் இரண்டு சவுக்கு மரம். ஒரு பக்கம் இரண்டு சுற்று, அரைமுடிச்சு. மறுபக்கம் கயிறு விறைப்பாக நிற்க வேண்டும். வெறும் கையால் இழுத்துக் கட்டினால் பாயைப் போட்டதும் நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் காற்று புகுந்து பாய் சடசடவென்று அடித்துக்கொள்ளும், அந்த அடிதான் முடிச்சையும் பாயையும் கொல்வது. லாரிக்காரர்கள் சரக்கின் மேல் தார்ப்பாயை இறுக்கும் முறை இங்கே வேண்டும். மரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் கயிற்றின் நடுவிலேயே ஒரு கண்ணி போடுங்கள். பட்டர்ஃபிளை கண்ணி நல்லது: உள்ளங்கையில் கயிற்றை மூன்று சுற்று; முதல் சுற்று கட்டை விரல் பக்கம், இரண்டாவது விரல் நுனிப் பக்கம், மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். விரல் நுனிப் பக்கச் சுற்றைப் பிடித்து மற்ற இரண்டின் மேலாகக் கட்டை விரல் பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து அந்த இரண்டின் அடியில் நுழைத்து வெளியே இழுங்கள். கையை உருவி இருபுறமும் இழுத்தால் கண்ணி உட்காரும். முனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் விட்டு, மரத்தின் பக்கமாகத் திருப்பி இழுங்கள். கணக்குப்படி மூன்று மடங்கு இழுவிசை; கயிறும் கயிறும் உரசுவதில் பாதி போய்விடும், மிச்சமே தாராளம். வேகமாக இழுக்காதீர்கள், உரசும் சூட்டில் பிளாஸ்டிக் கயிறு பொசுங்கிப் பளபளவென்று தழும்பாகும். கண்ணியை விரலால் நசுக்கிப் பிடித்தபடி இரண்டு அரைமுடிச்சு, அவ்வளவுதான்.

மூலைகளுக்கு மணலில் முளை அடிப்பது வீண். இந்த மணலில் அரை மீட்டர் இரும்புக் கம்பிகூட நேராக எழுந்து வரும். வெறும் சிமெண்டுச் சாக்கில் பாதி மணல் நிரப்பி வாயைக் கட்டி, ஒன்றரை, இரண்டு அடிக் குழியில் படுக்க வைத்து மூடி மிதித்துவிடுங்கள். கயிறு மேலே வரும் பாதையையும் சரிவான ஒரு வாய்க்காலாகத் தோண்டிவிட வேண்டும். செங்குத்தாக வந்தால் சாக்கை மேலே தூக்கும். ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது, காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையோடு தாழ்த்திக் கட்டி, எதிர்ப்பக்கத்தை உயர்த்துங்கள். வாடைக்கு அப்படியே திசை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நங்கூரக் கயிற்றுக்கு மட்டும் காசைப் பார்க்காமல் நைலான் வாங்குங்கள். மூழ்கும், அலைக்கு ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும். மிதக்கும் பச்சைக் கயிற்றை நங்கூரத்துக்குப் போட்டால் அடுத்த படகின் சுழலியில் மாட்டும், பிறகு சண்டைதான். கட்டும் முறை: வளையத்துக்குள் இரண்டு சுற்று, முனையைச் சுமைக் கயிற்றின் பின்னால் கொண்டுபோய் அந்த இரண்டு சுற்றுக்கும் அடியில் நுழைத்து இறுக்கம், மேலே ஓர் அரைமுடிச்சு, மிச்ச முனையை மெல்லிய நூலால் சுமைக் கயிற்றோடு சேர்த்து வரிந்து கட்டுதல். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு என்று கயிற்றையும் குறைத்துவிடுகிறார்கள். மூன்று மீட்டர் தண்ணீர், அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் என்றால் கணக்கு நாலு மீட்டர். அமைதியான நாளில் அதில் ஐந்து மடங்கு, 20 மீட்டர். காற்றில் ஏழு மடங்கு, 28. குறைந்தால் கயிறு நங்கூரத்தைக் கிடையாக இழுக்காமல் மேலே கிளப்பும், எந்த முடிச்சும் காப்பாற்றாது.

வெயில் பிளாஸ்டிக் கயிற்றின் எமன். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரே இடத்தில் வெயிலில் கிடந்த கயிற்றைக் கையில் முறுக்கிப் பாருங்கள். மாவுபோலத் தூசி உதிர்ந்தால், மேல் இழைகள் நொறுங்கினால், அதைக் கோழிக்கூண்டுக்கு அனுப்பலாம், படகுக்கு வேண்டாம். முப்புரிக் கயிற்றைப் பிரித்து உள்ளே பார்ப்பதும் அவசியம். மேலே நன்றாகத் தெரிந்தாலும் புரிகளுக்குள் மணலும் உப்புக் கல்லும் உட்கார்ந்து அரம் மாதிரி அறுத்துக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

வெட்டிய முனையை லைட்டரால் உருக்குவது எல்லோருக்கும் தெரியும். அதை விரலால் தேய்த்து மழுக்குவதுதான் தவறு. உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டினால் தோலோடுதான் வரும். ஈரச் சாக்கில் உருட்டுங்கள். இறுகிப்போன போலைனை அவிழ்க்கக் கத்தி தேடாதீர்கள்: சுமைக் கயிற்றைச் சுற்றியிருக்கும் மடிப்பைக் கட்டை விரலால் பின்னால் வளைத்துத் தள்ளினால் ஓர் ஓசையோடு நெகிழும். அதற்கும் மசியவில்லை என்றால், முடிச்சைத் தண்ணீரில் முக்கி உள்ளே இறுகிய உப்பைக் கரைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள்.