கடைசியில் நிற்கிறவர்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மைக் செட் போடுகிற எங்களுக்கு ஒரு வசதி உண்டு. மேடைக்குப் பக்கவாட்டில், ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால்தான் எங்கள் நாற்காலி. பேசுகிறவரின் முகம் அரைகுறையாகத்தான் தெரியும்; கேட்கிறவர்களின் முகம் முழுசாகத் தெரியும். திருவிழா, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம் என்று வருஷக்கணக்காக அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு பேச்சாளர் கூட்டத்தைக் கட்டிப்போடுவது எதனால் என்பதில் எனக்கு ஒரு தீர்மானம் வந்துவிட்டது.

முன்வரிசையை நான் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே விழாக் குழுவினர், பிரமுகர்கள், பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் இருப்பார்கள். பேச்சு எப்படி இருந்தாலும் எழுந்து போக மாட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் பைக்கை ஸ்டாண்டு போடாமல், ஒரு காலை ஊன்றியபடி நிற்கிறாரே, அவரைத்தான் பார்ப்பேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் நின்றவர். அவரை யாரும் அழைக்கவில்லை, எந்த நிமிஷமும் கிளம்பிவிடலாம். அவர் இன்ஜினை அணைத்து வண்டியை ஸ்டாண்டு போட்டால் பேச்சு பிடித்துவிட்டது என்று அர்த்தம். நல்ல பேச்சாளர்கள் எல்லோருமே அவரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

அவருக்கு முதலில் காதில் தெளிவாக விழ வேண்டும். இதில் எங்கள் தொழில் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். திருவிழா என்றால் தெரு நெடுகக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்போம். பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு சொல் காதில் விழுந்த பிறகு, 170 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து அதே சொல் அரை நொடி கழித்து வந்து சேரும். வேகமாகப் பேசுகிறவரின் அடுத்த சொல் அதற்குள் வந்துவிடும். இரண்டும் மோதி, கேட்கிறவருக்கு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். எங்களிடம் இருக்கிற செட்டில் இதைத் திருகிச் சரிசெய்ய முடியாது. பேசுகிறவர் நிறுத்தி நிதானமாகப் பேசினால்தான் உண்டு. கத்தினாலும் பயனில்லை. குழாய் கரகரக்கும், நான் சத்தத்தைக் குறைப்பேன், அவர் இன்னும் கத்துவார். விவரம் தெரிந்தவர்கள் குரலைத் தாழ்த்தும்போது மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவருவார்கள், உயர்த்தும்போது தள்ளிப் பிடிப்பார்கள். அப்படிப்பட்டவர் பேசினால் எனக்கு வேலையே இருக்காது.

நிறுத்துவதன் அருமையை நான் பார்த்தது துரோபதையம்மன் திருவிழாவில். எங்கள் பக்கம் 18 நாள் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம். பாலக்கோடு பக்கம் ஓர் ஊருக்குப் பெரியவர் ஒருவர் பாரதம் சொல்ல வருவார். மேடை ஏறுமுன் டீக்கடையில் உட்கார்ந்து தக்காளி என்ன விலை போகிறது என்று விசாரிப்பார். ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். சூதாட்டக் கட்டம் வந்தது. தருமன் நாட்டை வைத்துத் தோற்கிறான், தம்பிகளை வைத்துத் தோற்கிறான், தன்னையே வைத்துத் தோற்கிறான். "அடுத்த முறை விலை ஏறிடும்னு இன்னொரு நடவுக்குக் கடன் வாங்குறோமே, அதே ஆசைதாங்க அவனுக்கும்" என்றார். துண்டை விரித்துப் படுத்திருந்த ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பிறகு பாஞ்சாலி சபையைக் கேட்ட கேள்வியைச் சொன்னார்: "தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, என்னை வைத்துத் தோற்ற பிறகு தன்னைத் தோற்றாரா?"

சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். மைக்கில் கோளாறோ என்று ஒருகணம் என் கை திருகுக்குப் போனது. வேப்பமரத்தடியில் இருந்த ஒரு பாட்டி சத்தமாகவே சொன்னார்: "தன்னையே தோத்தவனுக்குப் பொண்டாட்டி மேல என்ன பாத்தியதை?"

"பெரியம்மா கேட்டுட்டாங்க. பீஷ்மருக்கு இதுக்குப் பதில் சொல்ல வரலைங்க" என்றார் அவர். கூட்டம் ஆர்ப்பரித்தது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்தச் சபையில் ஓர் ஆளாக அவர்களையும் உட்கார வைத்துவிட்டார்.

குரல் வளம் இல்லாமலும் இது நடக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வருவதற்கு முன், போர் தண்ணீரில் கலந்திருக்கிற ஃபுளோரைடு என்ற உப்பைப் பற்றி ஒரு கிராமத்தில் விளக்கக் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள் பேசும்வரை பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மைக்கை வாங்கிய செவிலியருக்குக் குரல் மெலிசு, கை வேறு நடுங்கியது. "போர் தண்ணியைக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறவங்க கை தூக்குங்க அக்கா" என்றார். பெருமையாகப் பல கைகள் உயர்ந்தன. "கொதிக்க வெச்சா கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்." பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. அப்புறம் அவர் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரம்பு, பல்லில் விழும் காவிக்கறை, குனிய முடியாமல் போகும் முதுகு என்று சொன்னதை ஒருவர்கூடத் தவறவிடவில்லை. அவரவர் வீட்டுப் பானையிலிருந்து ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

பாப்பாரப்பட்டிக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவை நினைத்துக்கொள்வேன். 1925 ஜூலை 23இல் அவர் காலமானது அந்த ஊரில்தான். 1908இல் தூத்துக்குடியில் அவரும் வ.உ.சி.யும் பேசியபோது மைக் ஏது, குழாய் ஏது? கோரல் மில் தொழிலாளிகள் அந்தப் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வு வாங்கினார்கள். பேசியதற்காக அரசு அவர்மேல் ராஜதுரோக வழக்குப் போட்டது. வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு கடைசி ஆள்வரை எட்டியிருக்கிறார். ஆலையில் நாளெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர்களிடம் அவர்கள் கூலியைப் பற்றியும், அதை யார் பறிக்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேசினால், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கத்தானே செய்வார்கள்!

விழா நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடித்துச் சிறப்புப் பேச்சாளருக்கு மைக் கொடுக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பது சட்டம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அதற்குள் போயிருப்பார்கள். ஒரு நூலக விழாவில் இப்படித்தான் ஆனது. பேச வந்த அம்மையார் ஒன்பதே காலுக்கு எழுந்தார். "அவர்களே, அவர்களே" என்ற வரிசையே இல்லை. "இந்த ஊர் நூலகத்துல முதல் உறுப்பினர் அட்டை வாங்கினவர் இங்கே இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு முதியவர் கை தூக்கினார். அவரோடு பேசியபடியே வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடித்துக்கொண்டார். நாற்காலியை மடிக்க வந்த பையன்கள்கூட நின்று கேட்டார்கள். அடுத்த வருஷமும் அவரையே அழைத்தார்கள். அந்த முறை ஏழு மணிக்கே மைக்கைக் கொடுத்துவிட்டு, பொன்னாடையையெல்லாம் அவர் பேச்சுக்கு அப்புறம் வைத்துக்கொண்டார்கள்.