மூன்றாவது துளை

ஹாங்காங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் மேசைக்கு வந்த ஆய்வறிக்கையில் ‘சுனாம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. சரிவின் மேல் பூசிய சுனாம் விரிசல் விட்டிருக்கிறது, சுனாம் பெயர்ந்த இடத்தில் செடி முளைத்திருக்கிறது என்று. சீனச் சொல்லாக இருக்கும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். இல்லை, ஆங்கிலம் என்றார் அவர். கையேட்டைப் புரட்டினால் கலவை விகிதம் போட்டிருந்தது: எடைக் கணக்கில் சிமென்ட் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 3 பங்கு, மட்கிய கிரானைட் மண் 20 பங்கு. அப்போதுதான் உறைத்தது. நம்முடைய சுண்ணாம்பேதான். வெள்ளைக்காரன் இந்தியாவில் கற்றுக்கொண்ட சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இந்த மலைகளின் மேல் பூசிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு முன்பே என் மொழி இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்று அன்று இரவு வீட்டுக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொண்டேன்.

சாலைப் பொறியாளன் என்றுதான் என் நியமன உத்தரவில் இருந்தது. ஆனால் தாரையும் ஜல்லியையும் நான் பார்த்த நாட்கள் குறைவு. சாலைக்கு மேலே இருக்கும் சரிவு, சாலைக்குக் கீழே இருக்கும் சரிவு, இரண்டையும் தாங்கிப் பிடிக்கும் சுவர்: இவைதான் என் பிழைப்பு. ஏறக்குறைய 75 லட்சம் பேர் வாழும் இடத்தில் மொத்தச் சாலை நீளம் 2,200 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். மனிதர்கள் வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கி, பதிவேட்டில் ஏற்றியிருக்கும் சரிவுகளோ சுமார் 60,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் என் வேலை எனக்கே புரிந்தது. இங்கே சாலை என்பது மலையின் விலாவில் செதுக்கிய அலமாரித் தட்டு.

ஹாங்காங் தீவின் வடகரையில் துறைமுகத்திலிருந்து மலையேறிப் பார்த்தால் தட்டுகள் ஒவ்வொன்றாக வரும். குவீன்ஸ் ரோடு ஒரு காலத்தில் கடற்கரையை ஒட்டி ஓடியது. அதற்கு வெளியே இருக்கும் டெ வோ ரோடு, கனாட் ரோடு எல்லாம் கடலைத் தூர்த்த நிலத்தில் போட்டவை. உள்ளே திரும்பினால் படிக்கட்டு, அதற்கு மேல் கெய்ன் ரோடு, மறுபடி படிக்கட்டு, ராபின்சன் ரோடு, அதற்கும் மேலே காண்டுயிட் ரோடு. இந்தக் கடைசிப் பெயர் எனக்குப் பிடித்தமானது. போக் ஃபூ லாம் நீர்த்தேக்கத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயின் பெயர் அது. மலையில் எந்த மட்டத்தில் வழி போகும் என்று முதலில் கண்டுபிடித்தது தண்ணீர். மனிதன் பின்னால் வந்து தார் போட்டான். தட்டுக்குத் தட்டு ஏற 1993-இல் நகரும் படிக்கட்டுத் தொடர் ஒன்றையும் கட்டினார்கள். 800 மீட்டருக்கு மேல் நீளம். காலையில் கீழே இறங்கும், பத்து மணிக்கு மேல் மேலே ஏறும். அதில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நாங்கள் அளவு நாடாவும் தலைக்கவசமுமாகப் பக்கத்துப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்போம்.

ஒவ்வொரு சரிவிலும் சுவரிலும் ஒரு பலகை உண்டு. அதில் வரைபடத் தாளின் எண்ணும், அதற்குப் பின் ஆங்கில எழுத்தும் வரிசை எண்ணும் இருக்கும். ‘சி’ என்றால் வெட்டிய சரிவு, ‘எஃப்’ என்றால் நிரப்பியது, ‘ஆர்’ என்றால் தாங்குசுவர். ‘எஃப்’ எழுத்தைப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்களின் குரல் தணிந்துவிடும். 1972 ஜூன் 18 அன்று பெருமழையில் சௌ மாவ் பிங்கில் சாலைக்காக நிரப்பிய கரை சரிந்து 71 பேரைப் புதைத்தது. அதே நாள் இரவு போ ஷான் ரோட்டில் மலை இறங்கி 67 பேர் செத்தார்கள். 1976-இல் சௌ மாவ் பிங்கில் மறுபடியும் 18 பேர். அடுத்த ஆண்டுதான் சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் வந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மேஸ்திரி. இங்கே ‘சிஃபூ’ என்பார்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கான மரியாதைச் சொல். அவர் என்னை ‘சாய் லோ’ என்று கூப்பிடுவார். தம்பி என்று அர்த்தம்.

ஒரு சாலை வளைவில் சுவரைத் துளைத்து, பின்னாலிருக்கும் மண்ணைப் பிடித்துவைக்க இரும்பாணி இறக்கும் வேலை. காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலு மணிக்குள் முடித்துச் சாலையைத் திருப்பித் தர வேண்டும். சுவரை ஒட்டி மூங்கில் சாரம். நடைபாதையைத் தாண்டிக் கொஞ்சம் சாலைக்குள்ளும் நீட்டிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த தடத்தின் அகலம் 3 மீட்டர், பஸ்ஸின் அகலம் 2.5 மீட்டர். பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று படத்தில் அழகாகக் குறித்துக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

முதலாவதாக ஒரு மாடி பஸ் வந்தது. வளைவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார். கீழ்த்தளத்தில் இடம் தாராளமாக இருந்தது. மேலே பார்த்தால், மாடியின் முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவிக்கும் என் மூங்கிலுக்கும் நடுவில் கண்ணாடி மட்டும்தான். வளைவில் சாலை சுவர்ப்பக்கமாகச் சாய்த்துப் போடப்பட்டிருந்தது, நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில். பஸ்ஸின் உயரம் 4.4 மீட்டர். உச்சியில் அது 22 சென்டிமீட்டர் சாய்ந்து நிற்கும். இந்தப் பெருக்கலை ஏழாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். நான் போடவில்லை.

பின்னால் பஸ்கள் சேர்ந்தன. திருப்பிவிட வேறு பாதை இல்லை. கீழ்த் தட்டுக்குப் போக வேண்டுமென்றால் படிக்கட்டுதான் உண்டு. படிக்கட்டில் பஸ் இறங்காது. சிஃபூ பேசாமல் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, நைலான் கட்டுகளை அறுத்து, வெளிப்புற மூங்கில்களை ஒவ்வொன்றாக உருவினார். கால் மணி நேரம் ஆனது. கடைசி மூங்கிலை என் கையில் கொடுத்துவிட்டு, “பஸ்ஸுக்கு மாடி உண்டே, தம்பி. உங்கள் படத்தில் அதைப் போடவில்லையா?” என்றார்.

ஒரு வளைவு அடைத்ததற்கே அந்தப் பாடு. 2005 மே மாதம், நான் வருவதற்கு முன், துறைமுகத்துக்கு அக்கரையில் கவுலூனில் பிரின்ஸ் எட்வர்ட் ரோடு ஈஸ்டில் ஒரு சாரம் சரிந்து விழுந்து பாதி நகரமே நின்றுபோனதைச் சிஃபூ அடிக்கடி சொல்வார். அவருக்கு அது மூங்கில் கட்டும் முறையைப் பற்றிய கதை. எனக்கு அது மாற்றுப்பாதை இல்லாத ஊரின் கதை. துறைமுகத்தைக் கடக்க 1972, 1989, 1997 என்று மூன்று சுரங்கச் சாலைகள் வந்துவிட்டன. ஆனாலும் நெடுங்காலம் நடுச்சுரங்கத்தில் காருக்கு 20 டாலர், மேற்கில் 75 டாலர் வரை என்று கட்டணம் வைத்திருந்தால் ஜனம் எங்கே போய் நிற்கும்? கட்டணத்தைச் சீர்செய்ய 2023 வரை ஆனது.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கல்சுவர்களின் இடுக்கில் வேரூன்றிய ஆலின மரங்கள். 2015 ஆகஸ்டில் பான்ஹம் ரோட்டுச் சுவரில் நின்ற நான்கை ஒரே இரவில் வெட்டினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அதே சுவரின் மரம் சாலையில் விழுந்திருந்தது. மறுநாள் மக்கள் அடிமரத்தைப் பார்த்து அழுதார்கள். தீர்ப்புச் சொல்ல எனக்கு இன்றும் துணிவில்லை. சுவரை வேர் பிளக்கிறதா, பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது அவ்வளவு சுலபமல்ல.

2023 செப்டம்பர் 7 இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 158.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 1884-இல் பதிவு தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்ததில்லை. மழைக்கான உச்ச எச்சரிக்கையான கறுப்பு எச்சரிக்கையை மறுநாள் பிற்பகலில்தான் விலக்கினார்கள். ஷெக் ஓ கிராமத்துக்குப் போகும் ஒரே சாலையும் மண்சரிவில் துண்டிக்கப்பட்டிருந்தது. நானும் சிஃபூவும் எங்கள் பட்டியலில் இருந்த சுவர்களைப் பார்க்கப் புறப்பட்டோம்.

அந்தப் பழைய வளைவுக்கு வந்தபோது சுவரின் கசிவுத் துளைகளிலிருந்து தண்ணீர் குழாய் திறந்தாற்போல் பீறிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. சிஃபூ அந்தப் பீறிடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் நடந்து மூன்றாவது துளையின் முன் நின்றார். அது மட்டும் காய்ந்திருந்தது. மற்றதெல்லாம் ஓடும்போது இது ஓடாவிட்டால், தண்ணீர் சுவருக்குப் பின்னால்தானே நிற்கிறது என்றார். ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டுக் குத்தினார். முதலில் சல்லிவேர் வந்தது, பிறகு செம்மண் கூழ், பிறகு ஒன்றுமில்லை. இன்னொரு முறை குத்தினார். சிவப்பாகத் தண்ணீர் பாய்ந்து என் சட்டையை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் நிறம் தெளிந்தது.

அவர் சாக்பீஸால் துளைக்கு மேலே ஒரு கோடு போட்டுவிட்டு நான்காவது துளைக்குப் போனார். அன்றைய மழைக்குப் பிறகு அந்தத் தடத்தில் நான் பார்த்த முதல் பஸ், மாடி சுவர்ப்பக்கம் சாய்ந்தபடி, வளைவில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.