நான்கு மூலைகளுக்கு ஓர் அரம்

எங்கள் பள்ளியின் வேலைக்கூடத்தில் எல்லா மாணவரும் செய்து காட்டியே தீரவேண்டிய பயிற்சி ஒன்று இருந்தது. 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்னுருக்குத் தகட்டின் நடுவே 12 மில்லிமீட்டர் சதுரத் துளை ஒன்றை உண்டாக்கி, அதே அளவுள்ள சதுரக் கம்பி அதனுள் ஆட்டமில்லாமலும் இறுகாமலும் நுழையும்படி செய்ய வேண்டும். சிறப்பு மலருக்கு எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தகடுதான். பின்னர் 30 ஆண்டுகளுக்கு மேல் இயந்திரக்கூடங்களில் நான் பார்த்த வேலைக்கு அதுவே தொடக்கம்.

வேலைக்கூட ஆசிரியர் கருவிகளைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டார். “துளைப்பான் ஒரே இடத்தில் நின்று சுழல்கிறது. அதன் முனை வட்டத்தைத் தவிர வேறு எதையும் வரையாது. அப்படியானால் தம்பி, மூலையை யார் வெட்டுவது?” எங்களுள் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவரும் சொல்லிவிடவில்லை. சதுரத்துக்குள் அடங்கும் மிகப்பெரிய வட்டத்தைத் துளைத்தால் எவ்வளவு உலோகம் மிஞ்சும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். சதுரம் 144 சதுர மில்லிமீட்டர், வட்டம் ஏறத்தாழ 113. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான உலோகம், நான்கு மூலைகளிலும் அப்படியே நிற்கும். சதுரத் துளை போடுவது என்றால் அந்த நான்கு மூலைகளை எடுப்பதுதான், மற்றதெல்லாம் சாதாரணத் துளை என்பதை அந்தக் கணக்கே எங்களுக்குச் சொல்லியது.

நடுப்புள்ளியைக் குத்தி, 11 மில்லிமீட்டர் துளைப்பானால் துளைத்துவிட்டு அரத்தை எடுத்தோம். பக்கங்களின் நடுவில் எடுக்கவேண்டியது அரை மில்லிமீட்டர். மூலையை நோக்கிய திசையிலோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். சதுர அரம் கைக்கு எளிது, ஆனால் அதன் நான்கு முகங்களிலும் பல் இருப்பதால், மூலைக்குள் போனதும் நாம் தொடக்கூடாத பக்கத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். முக்கோண அரத்தின் விளிம்பு 60 பாகை. 90 பாகை மூலைக்குள் அது ஒரு பக்கத்தை மட்டும் தொட்டு, மறுபக்கத்தை விட்டு விலகி நின்று வெட்டும். இதை ஆசிரியர் தாளில் வரைந்து காட்டவில்லை. என் கையைப் பிடித்து, அரத்தை மூலையில் வைத்து, மெல்லச் சாய்த்து, எந்த முகம் உரசுகிறது என்பதை விரலாலேயே உணரச் செய்தார்.

என் முதல் தகடு தேறவில்லை. அளவுகோலால் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கம்பியும் இரண்டு பக்க வாயிலும் நுழைந்தது. ஆனால் நடுவில் சிக்கிக்கொண்டது. அரத்தைத் தள்ளும்போது முன்கையும் பின்கையும் ஒரே மட்டத்தில் போகாமல் ஊஞ்சல்போல் ஆடியிருந்ததால், பக்கங்கள் நடுவில் மேடாகவும் இரு வாயிலும் சரிந்தும் போயிருந்தன. ஆசிரியர் கம்பியில் பிரஷ்யன் நீலம் என்ற நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, துளைக்குள் ஒருமுறை தள்ளி எடுத்து, தகட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திக் காட்டினார். மேடு இருந்த இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. அந்த நீலத்தை மட்டும் எடு, வேறெதையும் தொடாதே என்றார். இரண்டாவது தகட்டில், நீலம் சிறிது சிறிதாகப் பரவி முகம் முழுவதும் ஒட்டும்வரை மூன்று பிற்பகல்கள் நின்றேன். கம்பியைக் கால் திருப்பம் திருப்பி, நான்கு நிலைகளிலும் நுழைத்துப் பார்த்த பிறகே அவர் அதை ஏற்றுக்கொண்டார். சதுரம் ஒரு நிலையில் பொருந்துவது பெரிதல்ல, நான்கு நிலையிலும் பொருந்தும்போதுதான் அது சதுரம் என்பது அவருடைய கணக்கு.

மரப்பிரிவில் இந்த வேலை வேறு முகம் காட்டியது. கழுந்து, அதாவது மரத்துண்டின் முனையில் செதுக்கிய முளை, இறங்கும் துளையை முதலில் உளியும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியும் கொண்டே வெட்டப் பழகினோம்; பிறகுதான் துளையிடும் இயந்திரத்தில் சதுர உளி பூட்டிக் கொடுத்தார்கள். உள்ளே வெற்றான சதுரக் குழாய்போன்ற உளி. அதன் நான்கு விளிம்பும் கூர். அதற்குள் சுழலும் திருகுத் துளைப்பான். துளைப்பான் வட்டத்தைக் குடைந்துகொண்டு முன்னே போக, சுழலாத உளி பின்னாலேயே இறங்கி நான்கு மூலைகளையும் ஒரே அழுத்தத்தில் சீவிவிடும். மரச்சீவல் உளியின் பக்கத்தில் உள்ள திறப்பின் வழியே வெளியே வரும். “மூலையை யார் வெட்டுவது” என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. துளைப்பானின் தலைக்கும் உளியின் வாய்க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விடவேண்டும். விடாமல் பூட்டினால் இரண்டும் உரசி, மரம் கருகும் நாற்றம் முதலில் வரும், பிறகு எஃகு நீலம் பாய்ந்து பதம் போய்விடும். நீண்ட துளைக்கு ஒன்றை அடுத்து ஒன்றாகக் குத்திக்கொண்டு போவதும் தவறு. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் வெற்றிடம் என்றால் உளி வெற்றிடத்தை நோக்கி வளையும்; ஆகவே இடம் விட்டுவிட்டுக் குத்தி, நடுவில் நின்றவற்றைக் கடைசியில் எடுக்கவேண்டும்.

ஒருநாள் ஆசிரியர் அட்டையில் வெட்டிய ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார். சமபக்க முக்கோணம் வரைந்து, ஒவ்வொரு முனையிலும் காம்பஸை ஊன்றி, மற்ற இரு முனைகளையும் இணைக்கும் வில்லை வரைந்தால் கிடைக்கும் புடைத்த முக்கோணம் அது. ஜெர்மானியப் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ரூலோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் அதன் அகலம் ஒன்றே. ஒரு சதுரச் சட்டத்துக்குள் அதை வைத்துச் சுழற்றியபோது, நான்கு பக்கங்களையும் எப்போதும் தொட்டபடியே அது சுழன்றது. முனையில் செருகிய பென்சில் ஏறக்குறைய ஒரு சதுரத்தையே வரைந்தது. நாங்கள் ஆளுக்கு ஒருமுறை சுழற்றிப் பார்த்தோம். ஆனால் அட்டையின் நடுவே அவர் குத்தியிருந்த புள்ளி ஓரிடத்தில் நிற்கவில்லை. முக்கோணம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது எதிர்த்திசையில் மூன்று முறை சுற்றி வந்தது. சாதாரண இயந்திரத்தில் இது வெட்டாது என்றும், ஹாரி ஜேம்ஸ் வாட்ஸ் என்பவர் 1914இல் இந்த வடிவில் ஒரு துளைப்பானை உருவாக்கி, நடு அலைய இடம்கொடுக்கும் பிடிப்பான் ஒன்றையும் சேர்த்து 1917இல் காப்புரிமை பெற்றார் என்றும் சொன்னார். தாம் அந்தத் துளைப்பானைக் கண்ணால் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த ஏக்கம் எனக்கு மறக்கவில்லை.

பிற்காலத்தில் வேலைக்குப் போன இடங்களில் மூலையை வெட்டும் வழிகள் பலவற்றைக் கண்டேன். படிப்படியாக உயர்ந்துசெல்லும் பற்கள் கொண்ட ப்ரோச் என்ற நீண்ட வெட்டுக்கருவி ஒன்றைத் துளை வழியே இழுப்பார்கள். ஒவ்வொரு பல்லும் மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கை எடுக்க, முதலில் வட்டமாக இருந்தது கடைசிப் பல்லில் சதுரமாகிவிடும். அடி மூடிய குழிகளுக்குக் கடைசல் இயந்திரத்தில் ஒரு பாகை சாய்த்துப் பூட்டிய சுழல் ப்ரோச். அதன் மூலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுந்தி இறங்கும். இதற்கு முன்துளையைப் பக்க அளவைவிடச் சற்றுப் பெரிதாக இடுவது வழக்கம் என்பதால், குழியின் பக்கங்களின் நடுவே வட்டத்தின் மெல்லிய வடு தங்கிவிடும். இன்றும் ஒரு சதுரக் குழியைப் பார்த்தால் என் கண் முதலில் அந்த வடுவைத்தான் தேடும்.

வாட்ஸ் வகைத் துளைப்பானையும் ஒருநாள் கையில் எடுத்தேன். வேலைப்பொருளின் மேல் சதுர ஓட்டையுள்ள வழிகாட்டித் தகட்டைப் பூட்டி, அதனுள் துளைப்பானை இறக்கியபோது, அது அட்டை முக்கோணம்போலவே தகட்டின் சுவர்களைத் தடவிக்கொண்டு சுழன்றது. சதுரத்தின் 98.77 விழுக்காட்டை அது எடுத்துவிடும். நான்கு மூலைகளிலும் சிறு வளைவு மட்டும் மிஞ்சும். எங்கள் பழைய கணக்கில் 31 சதுர மில்லிமீட்டர் நின்ற இடத்தில் இப்போது இரண்டுகூட இல்லை.

அவ்வாறு துளைத்த தகடு ஒன்றை, விடுமுறையில் போனபோது ஆசிரியருக்குக் கொண்டுசென்றேன். பார்வை மங்கியிருந்ததால் அவர் அதை வெளிச்சத்துக்கு உயர்த்தவில்லை; மடியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிரல் நுனியைத் துளைக்குள் விட்டு, ஒரு பக்கமாகத் தடவி மூலைக்கு வந்து நிறுத்தினார்; அடுத்த மூலைக்குப் போனார்; நான்கையும் தொட்டு முடித்தார். “இதைப் பார்க்கக் கொடுத்துவைத்தது, தம்பி” என்று சொல்லி, விரலை முதல் மூலைக்கே திரும்பக் கொண்டுவந்து, “ஆனால் இந்த மூலைக்கு இன்னும் அரம் வேண்டும்” என்றார். அவருடைய அலமாரியில் முக்கோண அரம் இருந்தது. அன்று பிற்பகல் அவர் பக்கத்தில் அமர்ந்திருக்க, நான் அந்த நான்கு மூலைகளையும் எடுத்து முடித்தேன்.