27 வினாடி

2024 ஜூன் 3, திங்கள்

ராத்திரி ரெண்டு மணிக்கு ரிசப்ஷன் வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, தூக்கம் வராமல் அமெரிக்க ராக் இசைக்குழு ஓகே கோவின் ‘அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்’ பார்த்தேன். 2014இல் வந்த ‘ஹங்ரி கோஸ்ட்ஸ்’ ஆல்பத்துப் பாட்டு. வீடியோ 2016 பிப்ரவரியில் வந்தது. நிஜ விமானத்துக்குள், நிஜ வானத்தில் எடுத்தது, கயிறும் கிரீன் மேட்டும் கிடையாது என்று முதலிலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

விமான இருக்கையில் நான்கு பேர். கையில் இருப்பதை விடுகிறார்கள், அது விழாமல் முகத்துக்கு நேரே நிற்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் என் கை தன்னால் மவுஸை விட்டுவிடுகிறது.

ஜூன் 4, செவ்வாய்

காலையில் தம்பி கடைக்கு வந்ததும் போட்டுக் காட்டினேன். (கூடப்பிறந்தவன் இல்லை, எனக்கு உதவிக்கு எடிட்டிங் பண்ணுகிற பையன்.) முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், “அண்ணே, கிராஃபிக்ஸ்தானே?” என்றான்.

இல்லை என்றேன். நம்பவில்லை. தப்பு அவனுடையது இல்லை. பிறந்ததிலிருந்து கிராஃபிக்ஸ் பார்த்து வளர்ந்த கண்.

அவனுக்கு இவர்களுடைய 2006 வீடியோவையும் காட்டினேன். எட்டு டிரெட்மில், அசையாத ஒரே கேமரா, வெட்டே இல்லாமல் ஒரே டேக். ‘ஹியர் இட் கோஸ் அகெய்ன்’. அதற்கு 2007இல் கிராமி கிடைத்தது. ஆட்டம் அமைத்தவர் பாடகர் டேமியன் குலாஷின் சகோதரி டிரிஷ் சை. பத்து வருஷம் கழித்து விமான வீடியோவையும் அந்த இரண்டு பேரும் சேர்ந்துதான் இயக்கியிருக்கிறார்கள். எங்கள் அக்கா மொட்டை மாடியில் ஆண்டு விழாவுக்கு எனக்கு ஸ்டெப் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. “இடது கால்டா, இடது கால்.” கூடப்பிறந்தவர்கள் சொல்லும்போதுதான் உடம்பு வெட்கப்படாமல் கேட்கும்.

ஜூன் 7, வெள்ளி

இன்று கடையில் கூட்டமில்லை. அவர்கள் எப்படி மிதக்கிறார்கள் என்று தம்பிக்கு ஒரு பேப்பரில் வளைகோடு போட்டு விளக்கினேன். எனக்கும் அப்போதுதான் சரியாகப் பிடிபட்டது.

விமானம் ரஷ்யாவின் இல்யூஷின் 76. மாஸ்கோ பக்கம், விண்வெளிக்கு முதலில் போன ககாரின் பெயரில் இருக்கும் விண்வெளி வீரர் பயிற்சி மையத்தில் வீரர்களைப் பழக்குவதற்கு வைத்திருப்பது. எஸ்7 ஏர்லைன்ஸ் என்கிற ரஷ்ய விமான நிறுவனம் துணைநின்றதால் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது. விமானி மூக்கைத் தூக்கி வேகமாக ஏறுகிறார். அதற்குப் பிறகு, வீசிய கல் எந்தக் கோட்டில் போகுமோ அந்தக் கோட்டிலேயே விமானத்தை ஓட்டுகிறார். உள்ளே இருக்கிற ஆளும் பந்தும் நாற்காலியும் எல்லாம் அதே கல்தான். ஒன்றை ஒன்று தாங்க வேண்டிய அவசியமில்லாமல் போகிறது. விமானம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எடை போய்விடும் என்றதும் தம்பி பென்சிலைப் பிடுங்கி அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

ஒரு வளைவுக்கு எடையில்லாமல் கிடைப்பது 27 வினாடி. அதற்கு முன்னும் பின்னும் உடம்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனக்கும். அடுத்த வளைவுக்கு விமானம் தயாராக ஐந்து நிமிஷம். இப்படி 8 வளைவுகளைத் தொடர்ந்து எடுத்து, நடுவில் இருந்த கனத்த நேரத்தையெல்லாம் வெட்டியெறிந்ததுதான் நாம் பார்க்கிற பாட்டு. கேமரா ஓடியது சுமார் 45 நிமிஷம்.

பாட்டையும் மெதுவாக்கித்தான் ஓடவிட்டிருக்கிறார்கள். 21 வினாடிப் பாட்டை 27 வினாடிக்கு இழுத்து, அதற்கு வாயசைத்து, அப்புறம் படத்தை வேகமாக்கிப் பழையபடி பாட்டில் உட்கார வைத்தது. அந்தரத்தில் தலைகீழாக மிதந்துகொண்டு, இழுத்த தாளத்துக்கு உதடு தப்பாமல் பாடுவது! தரையில் நின்று பாடுகிறவர்களுக்கே லிப் சிங்க் சேர்க்க நான் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

மொத்தம் 21 முறை விமானம் ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 15 வளைவு. உடன் பறந்த படக்குழுவையும் சேர்த்து 58 தடவை போல வாந்தி. அதைக் கேட்டதும்தான் தம்பி நம்பினான்.

ஜூன் 9, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் எழுந்தது ஆறரைக்கு. 8 வளைவு என்றால் 7 ஒட்டு இருக்க வேண்டும். ஃபிரேம் ஃபிரேமாகத் தேடினேன்.

எடை திரும்புவதற்கு முன்னால் எல்லோரும் இருக்கையிலோ தரையிலோ போய்ச் சேர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் அடிபடும். அதனால் ஒட்டு எந்தப் பக்கம் இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் எந்த ஃபிரேம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மார்ஃப் போட்டு, அதாவது ஒரு படம் அடுத்த படமாக மெல்ல உருமாறுகிற மாதிரி, இழைத்திருக்கிறார்கள். சாஃப்ட்வேர் எங்களிடமும் இருக்கிறது. ஆனால் முதல் படத்தில் கை ஒரு இடத்திலும் அடுத்ததில் வேறு இடத்திலும் இருந்தால் எந்த மார்ஃபும் முகத்தைக் கஞ்சியாக்கிவிடும். பாட்டையும் ஆட்டத்தையும் நிறுத்திக் காத்திருந்து, கனம் வந்து போன பிறகு விட்ட இடத்திலிருந்தே மறுபடி எழுந்தார்களே, ஒட்டு தெரியாததற்கு அதுதான் காரணம். வெட்டியெறிந்த அந்த ஐந்து ஐந்து நிமிஷத்தைத்தான் எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வேர்வையைத் துடைத்துக்கொண்டார்களா? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களா?

கடைசியில் பெயின்ட் நிரப்பிய பலூன்கள் உடையும். பெயின்ட் தெறித்து ஓடாமல் உருண்டை உருண்டையாகத் திரண்டு, யாராவது மேலே பட்டால் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு போட்டிருக்கிற சட்டை பழையபடி ஆகாது. அந்தப் பகுதி சரியாக வரவில்லையென்றால் முன்னால் பிடித்த நாற்பது நிமிஷமும் வீண். அதைத் தெரிந்துகொண்டே பலூனை உடைக்கிற கையைப் பாருங்கள், தயக்கமே இல்லை.

ஜூன் 12, புதன்

முகூர்த்த வீடியோ எடிட்டிங். மாப்பிள்ளை வீட்டார் ஹைலைட்ஸ் மூன்று நிமிஷத்துக்குள் வேண்டும் என்கிறார்கள். நாலரை மணி நேரம் எடுத்தது இருக்கிறது.

கெட்டிமேளம் வருகிற இடத்தில் தம்பி நிறுத்தினான். “அண்ணே, இதைப் பாருங்க.” நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்த கிளிப். பெண்ணின் தலைக்கு மேலே அட்சதை, மஞ்சள் அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல் அந்தரத்தில். நடுவில் ஒரு ரோஜா இதழ். பின்னால் பெரியம்மா ஒருவரின் கை இன்னும் விரிந்தபடி.

அவன் அன்று புள்ளி வைத்த பேப்பர் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதைக் காட்டி, “இதே கோடுதானே?” என்றான்.

அதே கோடுதான். அந்த இடத்தை வெட்டாமல், வேகமும் கூட்டாமல், முழுசாக விட்டிருக்கிறோம். ஹைலைட்ஸ் மூன்று நிமிஷம் நாற்பது வினாடி வருகிறது. மாப்பிள்ளையின் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.