கிரீடத்துக்குக் கீழே ஒரு ஜெபம்

"உங்க சாமி வெள்ளைக்காரன் கப்பல்ல வந்த சாமிதானே?" பள்ளியில் இந்தக் கேலிக்கு எனக்குப் பதில் தெரியாது. போன மாதம் தரங்கம்பாடிக்குப் போனபோது அதுதான் மனதில் ஓடியது.

நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் புது எருசலேம் ஆலயம். அண்ணாந்து பார்த்தேன். முகப்பில் ஒரு கிரீடம், அதனுடன் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவையும் புளூட்சோவையும் அனுப்பியவரே அந்த ராஜாதான். 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கினார்கள். ராஜா அனுப்பிய ஆட்களுக்கு ராஜ உபசாரம் நடந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. அப்போது ஊர் டென்மார்க்காரர்களான டேனியர்கள் கையில். அவர்களுடைய கோட்டைத் தளபதிக்கே இவர்களைக் கண்டால் ஆகவில்லை. ஒரு விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு தலையிட, தகராறு முற்றி, 1708-ல் அவரைப் பிடித்து நான்கு மாதம் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனியும் லேசுப்பட்டதல்ல. 1813 வரை தன் எல்லைக்குள் மிஷனரிகளைத் தாராளமாக விட்டதில்லை. இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி, வங்காளத்தில் டேனியர்கள் வசமிருந்த செராம்பூரில் போய்த்தான் ஒதுங்கினார்.

அதற்காகக் கப்பல் இல்லாமல் வந்தார்கள் என்று சொல்ல முடியுமா? அச்சு இயந்திரமும் கப்பலில்தான் வந்தது. அதில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. என் கைப்பையில் இருந்த வேதாகமத்துக்கு அதுதான் முப்பாட்டன்.

ஆலயத்துக்குள்ளே பீடத்தருகே சீகன்பால்குவின் கல்லறை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். 1718-ல் இந்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவர், அடுத்த பிப்ரவரியிலேயே இங்கே அடக்கமாகிவிட்டார். 36 வயது. என்னைவிடச் சின்னவர். தரையின் குளிர்ச்சி காலில் ஏற, 130ஆம் சங்கீதத்தை மெல்ல வாசித்தேன்: "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்."

அப்புறம் கோட்டைக்குப் போனேன். 1845-ல் டேனியர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கீழ்த்தளத்து இருட்டறை ஒன்றில் சுவரைத் தொட்டேன். ஈரமாக, உப்புப் பூத்திருந்தது. அவரை அடைத்த அறை இதுதானா, தெரியாது. அங்கேயும் அதே சங்கீதத்தைச் சொன்னேன். வெளியே அலைச் சத்தம் பெரிதாக இருந்ததால் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.