சவுண்ட்போர்டா, கூட்டத்து மைக்கா?

அமெரிக்க ரொக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1977 மே 8இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹோலில் வாசித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவாளர் பெட்டி கான்டர்-ஜாக்சனின் சவுண்ட்போர்ட் பதிவு (மேடை ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேரே எடுத்தது) ஒரு பக்கம், கூட்டத்துக்குள் மைக் பிடித்தவர்களின் பதிவு மறுபக்கம். எது திறம் என்று சண்டை பிடிக்கமுன் இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்குங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் லவுட்னஸ் நோர்மலைசேஷன் போட்டு இரண்டையும் -23 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) கொண்டுவந்தால் போதும்.

அடுத்தது வேகம். ரேப் (ஒலிநாடா) 3 வீதம் மெதுவாக ஓடியிருந்தால் சுருதி ஏறக்குறைய கால் தொனி இறங்கும். பிறகு வாசிப்பு சோம்பல் என்று டிரம்ஸ்காரருக்குப் பழி! திருத்தும்போது சுருதியை மட்டும் தனியாக மாற்றாதீர்கள், வேகத்தையே மாற்றுங்கள்.

இரண்டையும் கலந்து மேட்ரிக்ஸ் எனப்படும் ஒரே பதிவாகச் செய்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேடையிலிருந்து 30 மீட்டர் பின்னால் நின்ற மைக்குக்குச் சத்தம் சுமார் 87 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும். அதை முன்னுக்கு இழுக்காவிட்டால் ஒவ்வொரு ஸ்னேர் டிரம் அடியும் இரட்டிக்கும். தொடக்கத்தை மட்டும் பொருத்தினாலும் சரிவராது. இரண்டு மெஷினும் ஒரே வேகத்தில் ஓடாததால் பாட்டின் கடைசியில் மறுபடி விலகும். கடைசி ஸ்னேர் அடியையும் பெருப்பித்துப் பாருங்கள்.

திருகோணமலை வெக்கையில் பதிவைக் கேட்க ஃபேனை நிறுத்தச் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த இரைச்சல் கூட்டத்துப் பதிவின் மெல்லிய இடங்களைத்தான் முதலில் விழுங்கும். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் போடுங்கள். குரலுக்கு சவுண்ட்போர்ட், மண்டபத்தின் அதிர்வுக்குக் கூட்டத்து மைக் என்பது என் கட்சி.